மேடு ஏறாத பிக்கப்

ஓரின் ட்வைட்டின் பிக்கப் வண்டி மேடு ஏற மறுத்த வாரத்தில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஜூலைக் கடைசி, கோதுமை அறுவடை பாதிதான் முடிந்திருந்தது. மான்டானாவின் வடக்கில் எங்கள் ஊருக்கு வண்டி பழுது பார்க்க நான் ஒருத்திதான், என் கடையில் வண்டியைத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட்டும் ஒன்றுதான். அறுவடைக் காலத்தில் இங்கே ஒவ்வொருவனுக்கும் அவனவன் வண்டிதான் உலகத்திலேயே அவசரமான வண்டி. ஓரினையும் வரிசையில் நிறுத்தியிருப்பேன். ஆனால் அவர் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவர், சைரன் ஊதினால் தீயணைப்புக் கொட்டகைக்கு ஓடிவர அவருக்கு அந்த பிக்கப்தான் கதி. அதனால் லிஃப்ட்டில் இருந்த காரை இறக்கி, அதன் சொந்தக்காரியிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை காலையில் அவருக்கு இடம் ஒதுக்கினேன்.

தானியக் கிடங்குக்குப் போகும் மேட்டில் முப்பது மைல் வேகத்துக்கு மேல் வண்டி போவதில்லை என்றார். காரணத்தையும் அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். இந்த ஊரில் யாரும் நோயை மட்டும் சொல்ல மாட்டார்கள், மருந்துச் சீட்டையும் எழுதிக்கொண்டுதான் வருவார்கள். அல்வினாவின் வயலில் எரிந்த தீயின் சாம்பல் காற்றில் வந்து ஏர் ஃபில்டரை அடைத்துவிட்டதாம்.

“ஃபில்டர ரெண்டு தடவ மாத்திட்டேன், தோரா. இன்னும் எங்கயோ சாம்பல் ஒக்காந்திருக்கு. ஒனக்கு ஒரு மணி நேர வேலதான்.”

“ஒரு மணி நேர வேலையா இருந்தா நீங்களே முடிச்சிருப்பீங்களே,” என்றேன்.

சிரித்துக்கொண்டே சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, யாரோ கொண்டுபோய் விட, வயலுக்குப் போய்விட்டார்.

அந்தத் தீயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு நாள் முன்பு, நடுப்பகலில், அல்வினா ஸ்டெனரூடின் வயலில் பற்றியது. அல்வினா எழுபதைத் தாண்டிய விதவை. தன் கோதுமையை அறுக்க கான்சாஸிலிருந்து வரும் கேலன் என்பவரின் குழுவை அமர்த்தியிருந்தார். காற்று மேற்கிலிருந்து அடித்ததில் இருநூறு ஏக்கர் விளைந்த கோதுமை முக்கால் மணி நேரத்தில் போய்விட்டது. ஊரில் டிராக்டர் வைத்திருந்த அத்தனை பேரும் ஓடிப்போய் மண்ணைக் கிளறித் தீயை மறித்தார்கள். வீடு தப்பியது.

தீ எப்படி வந்தது என்பதை ஓரின்தான் எழுத வேண்டும். அவர் ஒழுங்கான மனிதர். மறுநாள் விடிந்ததும் வயல் முகப்பில், தீ தொடங்கிய இடத்தில், முழங்காலில் தவழ்ந்து தேடி ஒரு சிகரெட் துண்டை எடுத்தார். கேலனின் குழுவில் புகைப்பவன் ஒருவன்தான். பெயர் ருவான், இருபத்தொன்பது வயது, தென்னாப்பிரிக்காவிலிருந்து அறுவடைக்கு என்று விசா வாங்கி ஐந்தாவது வருடமாக வருகிறவன். ஓரின் கேட்டதும், அது என்னுடையதுதான், மிதித்து அணைத்தேன், அணைத்தேன் என்று நினைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். அந்த ‘நினைக்கிறேன்’ போதுமானதாக இருந்தது. காரணம் சிகரெட் என்று ஓரின் எழுதினார். சனிக்கிழமை விமானத்தில் அவனை ஊருக்கு அனுப்ப கேலன் டிக்கெட் எடுத்துவிட்டார். வேலை போனால் விசாவும் போய்விடும். தீ வைத்தவன் என்ற பெயரோடு போகிறவனை அடுத்த வருடம் எந்தக் குழுவும் கூப்பிடாது. இங்கே ஐந்து மாதம் வாங்கும் சம்பளத்தில்தான் அங்கே அவன் மனைவியும் இரண்டு வயது மகளும் வருடம் முழுதும் சாப்பிடுகிறார்கள். இதெல்லாம் உணவுக்கடையில் என் காதில் விழுந்தது. எந்தப் பிராண்டு சிகரெட் என்பது வரை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கேட்டுக்கொண்டு முட்டையைத் தின்றுவிட்டு நான் கடைக்கு வந்துவிட்டேன்.

இனி வண்டிக்கு வருகிறேன்.

ஏர் ஃபில்டர் புத்தம் புதிதாக இருந்தது. சாம்பல் கதை அங்கேயே முடிந்தது. மேட்டில் இழுக்காத வண்டிக்கு இரண்டில் ஒன்று குறை: உள்ளே போக வேண்டியது போகவில்லை, அல்லது வெளியே போக வேண்டியது போகவில்லை. பெட்ரோல் அழுத்தத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. இன்ஜின் காற்றை உறிஞ்சும் வலுவைக் காட்டும் வேக்யூம் கேஜை மாட்டி, சும்மா ஓடும்போது பார்த்தேன், முள் நல்ல இடத்தில் நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்து ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். முள் மெதுவாக, நிற்காமல், இறங்கிக்கொண்டே வந்தது. பின்னால் போய்ப் புகைக் குழாயின் வாயில் கையை வைத்தேன். அந்த அளவு இன்ஜினுக்கு அங்கே கையைத் தள்ளும் வேகம் இருக்க வேண்டும். தூங்குகிறவன் மூச்சுப்போல வந்தது.

அடைப்பு கேட்டலிடிக் கன்வர்ட்டரில்தான் என்று அப்போதே தெரிந்தது. புகையின் நச்சை எரித்து அனுப்புவதற்காகக் குழாயின் நடுவில் வைத்திருக்கும் டப்பா அது. உள்ளே தேன்கூடுபோலக் கண்கண்ணாகப் பீங்கான் இருக்கும். ஆனால் தெரிவது வேறு, அளந்து பார்ப்பது வேறு. தெரிந்தது என்று சொல்லி விலை உயர்ந்த சாமானை மாற்றிவிட்டுப் பிறகு விழிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்த மானியைத் திருகினேன். சும்மா ஓடும்போது ஒன்றைத் தாண்டக் கூடாது, நான்கு காட்டியது. வேகம் கூட்டியதும் பதினொன்று. மானியை எடுத்துவிட்டுத் துளையைத் திறந்தபடியே வைத்து ஓட்டினால் காது கிழிகிற சத்தம், ஆனால் இன்ஜின் சட்டென்று தாராளமாக மூச்சு விட்டது. அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே போனதும் முதலில் கண்ணில் பட்டது கன்வர்ட்டரின் நிறம். வெளித்தகடு நீலமும் ஊதாவுமாக மாறியிருந்தது. அவ்வளவு சூடு கண்டிருக்கிறது. அடுத்து கண்ணில் பட்டது அதன் அடியில் சூட்டைத் தடுக்க இருக்க வேண்டிய வெப்பத் தகடு இல்லாதது. அதை வெட்டி எடுத்தவளே நான்தான்.

ஏப்ரலில் ஓரின் அந்தத் தகடு கடகடக்கிறது என்று வந்தார். எங்கள் சரளைச் சாலைகளில் எல்லா பிக்கப்பிலும் அது கொஞ்ச நாளில் துருப்பிடித்துக் கடகடக்கும். கோடை முழுதும் கம்பைன் என்னும் அறுவடை இயந்திரத்துக்குள் உட்கார்ந்து எந்தப் பேரிங் எப்போது கத்தும் என்று காதைத் தீட்டி வைத்திருக்கிறவர்களுக்கு, காரணமில்லாத சத்தம் ஆகவே ஆகாது. எனவே வெட்டி எறிந்துவிடுவோம். பத்து நிமிட வேலை, காசு கூட வாங்குவதில்லை. அடியில் ஒரு தகடு எதற்கு இருக்கிறது என்று, அறுத்த வயலின் காய்ந்த தாளுக்குள் வண்டி ஓட்டியே வாழும் இந்த ஊரில், எங்களில் ஒருவரும் யோசிப்பதில்லை. யோசித்திருக்க வேண்டியவள் நான்.

கன்வர்ட்டரின் போல்ட்டுகள் துருவில் இறுகியிருந்தன. கேஸ் தீச்சுடரால் சுட்டும் இரண்டு உடைந்தன. கடைசியில் குழாயையே அறுத்தேன். கையில் எடுத்து ஆட்டியதும் உள்ளே கலகலவென்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன். தேன்கூட்டில் பாதி உருகி ஒரே கட்டியாகிப் பாதையை மூடியிருந்தது. மீதிப் பாதி நொறுங்கி, கொஞ்சம் உள்ளே கிடந்தது, கொஞ்சம் காணோம். கன்வர்ட்டருக்குப் பின்னால் குழாய் துருவில் கிழிந்து, இரண்டு விரல் நுழையும் வாய் தரையைப் பார்த்துத் திறந்திருந்தது. காணாமல் போனது அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

கன்வர்ட்டர் தானாகச் சாவதில்லை, யாராவது கொல்ல வேண்டும். கொன்றவனைப் பிடிக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் ஒரு மாதத்தில் செத்துவிடும். கம்ப்யூட்டரை மாட்டியதும் அது சொல்லிவிட்டது: ஆறாவது சிலிண்டர் ஜூன் மாதத்திலிருந்து மிஸ்ஸிங் அடித்துக்கொண்டிருக்கிறது. பிளக்கைக் கழற்றினேன், வெள்ளைப் பீங்கான் நெடுக வெடித்திருந்தது. பொறி வராத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே வந்து கன்வர்ட்டருக்குள் எரியும், அது அடுப்பாகிவிடும். இதற்குத்தான் ஓட்டுகிறவர் கண்ணெதிரே டாஷ்போர்டில் விளக்கு மினுக்கி எச்சரிக்கிறது. போய்ப் பார்த்தேன். விளக்கின் மேல் அளவாகக் கத்தரித்த கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. எங்கள் ஊரில் இரண்டு காலம்தான்: அறுவடைக்கு முன், அறுவடைக்குப் பின். பல்வலியும் பின்னால்தான், மகள் கல்யாணமும் பின்னால்தான், மினுக்குகிற விளக்கும் பின்னால்தான்.

டேப்பைப் பார்த்த பிறகு மறுபடி வண்டிக்கு அடியில் போனேன். குறுக்குச் சட்டத்தின் மேல், கன்வர்ட்டர் இருந்த இடத்துக்கு நேராக, கோதுமைத் தாளும் பதரும் கெட்டியாக அடைந்திருந்தது. மேல் பக்கம் மஞ்சள், கீழ்ப் பக்கம் கரி. தொட்டதும் விரலில் ஒட்டியது. ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓரினிடம் எதையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கேட்டாக வேண்டும்.

நான்கு மணிக்கு ஓரின் வந்தார். சாம்பலைக் கண்டுபிடித்துவிட்டாயா என்றார். தீப்பிடித்த அன்றைக்கு பிக்கப்பை எரிகிற வயலுக்குள் ஓட்டினீர்களா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். தீயணைப்புப் படையின் பேஜர் ஒலித்ததும் நேராகக் கொட்டகைக்குப் போய் பிக்கப்பை அங்கே விட்டுவிட்டுத் தீயணைப்பு லாரியை எடுத்தாராம். அப்படியானால் கரி தீயணைக்கப் போனதில் வந்ததில்லை. பேஜர் ஒலிக்கும்போது எங்கே இருந்தீர்கள் என்றேன். வீட்டுக்குப் போகும் வழியில் என்றார். அதற்கு முன்?

“அல்வினா வயல்லதான். என்னோட நெலத்துக்கு என்னிக்கு வருவாருன்னு கேலன்கிட்ட கேக்கப் போனேன். ஒரு இருவது நிமிசம் பேசிட்டிருந்தோம்.”

“வண்டிய எங்க நிறுத்துனீங்க?”

“முகப்புலதான். தாள்மேல. வெயில் கொளுத்துச்சே, ஏசி ஓடட்டும்னு இன்ஜின அணைக்கல…”

நான் கன்வர்ட்டரை மேஜைமேல் வைத்து உள்ளே டார்ச் அடித்துக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டென்று வெளியே போனார். தெருவைக் கடந்து தீயணைப்புக் கொட்டகைக்குள் நுழைவது தெரிந்தது. கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரு காபி டப்பாவோடு திரும்பி வந்தார். தீ நடந்த இடத்தில் பொறுக்கியதையெல்லாம் அதில்தான் போட்டு வைத்திருந்தார்: சிகரெட் துண்டு, ஒரு ஆணி, கட்டை விரல் அளவில் சாம்பல் நிறத்தில் ஒரு சில்லு. சில்லு முழுக்கச் சின்னச் சின்னக் கண்.

“இது சிகரெட்டுக்கு ஒரு கை தள்ளிக் கெடந்துது,” என்றார். “குளவிக் கூடுன்னு நெனச்சேன்.”

வாங்கி, கன்வர்ட்டருக்குள் நொறுங்கிய விளிம்பில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குக் கண் சேர்ந்தது. சிவக்கக் கனன்றுகொண்டிருந்தபோது உடைந்து, கிழிந்த குழாய் வழியாகக் காய்ந்த தாளில் விழுந்திருக்கிறது. நேர்மையான மனிதர் என்பதால் தெரியாததையும் எடுத்து வைத்திருந்தார். பதினோரு நாளாக அது அவருடைய அலமாரியிலேயே இருந்தது.

தகட்டை வெட்டியது நான் என்றேன். கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். அறுபத்து நான்கு வயது ஆள், ஊரில் எந்தத் தீ என்றாலும் முதலில் நிற்பவர். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அதே சமயம் எரிச்சலாகவும் இருந்தது. அந்த ருவானைப் பற்றி நாங்கள் இருவருமே இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

“சனிக்கிழம பிளேன்,” என்றார். “நாளைக்குன்னு வைக்க வேணாம். ஒன் வண்டிய எடு.”

கேலனின் குழு விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் டிரெய்லர்களை நிறுத்தித் தங்கியிருந்தது. நாங்கள் போனபோது வெயில் இன்னும் நன்றாகவே அடித்தது. கேலன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரின் சுற்றி வளைக்கவில்லை. தீ என் வண்டியால் வந்தது, நான் எழுதியது தப்பு, இன்றைக்கே திருத்தி எழுதுகிறேன் என்று நின்றபடியே சொல்லி முடித்தார். கேலன் சில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயலில் புகைக்கக் கூடாது என்பது தன் சட்டம், அதை அவன் மீறியது மீறியதுதான் என்றார். எனக்குச் சுருக்கென்றது. புகைத்ததற்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடியுங்கள், தீ வைத்ததற்காக ஏன் அனுப்புகிறீர்கள் என்றேன். அவர் டிக்கெட்டை ரத்து செய்ய போனை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்குப் பின்னால் போனார்.

ருவான் கட்டி வைத்த பையின் மேல் உட்கார்ந்திருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து தொப்பியைக் கழற்றினான். அவன் ஊர் வழக்கப்படி வயதில் மூத்தவர்கள் யாராக இருந்தாலும் மாமா, அத்தை. எங்கள் ஊரில் கிழவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதால், முதலில் அது எங்களுக்குக் கிண்டலாகப் பட்டிருந்தது.

ஓரின் அவனிடமும் அதையே சொன்னார், இன்னும் மெதுவாக. அவனுக்கு ஏறவில்லை.

“அப்ப அது நான் இல்லையா, மாமா?”

“நீ இல்லப்பா. நான்.”

“ஆனா நான் சரியா மிதிக்கல. எனக்குத் தெரியும். தெனமும் அத நெனச்சுதான் முழிச்சுக்கறேன்.”

நான் சில்லை அவன் கையில் வைத்து, பிளக்கில் தொடங்கிக் குழாயின் கிழிசல் வரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். தகட்டைப் பற்றியும் சொன்னேன். அவனும் கம்பைன் ஓட்டுகிறவன், இயந்திரம் புரிந்தவன். மிஸ்ஸிங் என்றதுமே தலையை ஆட்டத் தொடங்கிவிட்டான். முடித்ததும் கோபப்படுவான் என்று காத்திருந்தேன், படட்டும் என்றும் இருந்தது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டான், வயல்கார அத்தைக்கு இது தெரியுமா என்று. இன்னும் தெரியாது, இப்போது அங்கேதான் போகிறோம் என்றார் ஓரின். நானும் வரட்டுமா என்றான்.

அல்வினாவின் வீடு நாலு மைல். எரிந்த வயல் இடதுபுறம் கறுப்பாக வீடு வரை வந்தது. சத்தம் கேட்டு அல்வினா வலைக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். ருவான் முற்றத்திலேயே நின்றுவிட்டான். நாங்கள் படியேறினோம்.

ஓரின் சொல்லச் சொல்ல அல்வினா அவர் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். முடிக்கக்கூட விடவில்லை.

“போகுது விடு, ஓரின். வறண்ட வருசம், யாருக்கு வேணா நடக்கும். இன்சூரன்ஸ் இருக்கு. உள்ள வாங்க, ரூபார்ப் தண்டு வச்ச பை பலகாரம் சுட்டிருக்கேன்.”

கதவை அகலமாகப் பிடித்துக்கொண்டார். ஓரின் நகரவில்லை.

“அந்தப் பையன் இங்க வந்தானா, அல்வினா?”

“ரெண்டு தடவ வந்தான்,” என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.

“அவன்கிட்டயும் இததான் சொன்னீங்களா?”

கதவைப் பிடித்த அல்வினாவின் கை அப்படியே இருந்தது. எங்களைத் தாண்டி முற்றத்தில் நிற்கிறவனைப் பார்த்தார். அவன் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றிருந்தான். பிறகு அவர் கதவை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். முழங்கால் வலிக்காரி, ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று இறங்கினார். நாங்கள் கைகொடுக்கப் போகவில்லை.

“நீ வந்தப்ப வீட்ல யாரும் இல்லன்னு நெனச்சிருப்ப,” என்றார் அவனிடம். “நான் இருந்தேன்.”

“தெரியும் அத்தை,” என்றான் ருவான். “கதவுக்குப் பின்னாடி உங்க காலு தெரிஞ்சுது.”